அமாவாசைப் படையல்: நாள் பார்ப்பது முதல் இலை எடுப்பது வரை

நான் பிறந்தது வில்லியனூர். வாழ வந்தது கடலூர் மஞ்சக்குப்பம். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் அமாவாசை என்று வந்துவிட்டால் இரண்டு வீடுகளும் இரண்டு தேசம். அம்மா வீட்டில் அன்று காலை வாசல் தெளிப்பதோடு சரி. கோலம் கிடையாது. முன்னோருக்குச் செய்ய வேண்டியதை முடித்த பிறகுதான் மங்கல காரியம் என்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் அமாவாசையில் அப்படியே தெளித்துவிட்டு உள்ளே வந்தேன். அத்தை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கோலமாவு தீந்துபோச்சா?” என்றார். இங்கே கோலம் உண்டு. சின்னதாக, செம்மண் பூசாமல்.

இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் படையல் போடுகிறேன். இப்போது அண்ணன் மகள்களும் நாத்தனார் மகளும் சென்னையிலும் பெங்களூரிலும் தனிக்குடித்தனம் வைத்துவிட்டு, அமாவாசைக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் அவர் சொல்வதுதான் விதி. யூடியூபில் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு “இதைச் செய்யாவிட்டால் பித்ரு சாபம்” என்று பயமுறுத்துகிறவர்களுக்கு உங்கள் பாட்டியைத் தெரியாது. நான் எழுதுவதும் அப்படித்தான். எங்கள் வீட்டு வழக்கம் இது, உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நாள்

காலண்டரில் கறுப்பு வட்டம் போட்டிருக்கும் நாள்தான் அமாவாசை, இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். குழப்பம் இருக்கிறது. சூரியனிலிருந்து நிலவு 12 பாகை விலகினால் ஒரு திதி. நிலவு எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை, அதனால் ஒரு திதி ஏறக்குறைய 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரம் வரையும் நீளும். ஆகவே அமாவாசை இன்று மத்தியானம் பிறந்து நாளை மத்தியானம் முடிவது சர்வ சாதாரணம். அப்போது எந்த நாள் படைப்பது?

சாஸ்திரப்படி பகலை ஐந்தாகப் பிரித்து, நான்காவது பகுதியான அபராண்ண காலத்தில் அமாவாசை இருக்கிற நாளைப் பார்ப்பார்கள். ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடைகிற நாள் என்றால் அது பகல் 1.12 முதல் 3.36 வரை. நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. தினசரி காலண்டரில் ‘சர்வ அமாவாசை’ என்று அச்சடித்திருக்கும் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதம் அதற்கு முந்தின நாள் ‘போதாயன அமாவாசை’ என்று இருக்கும். அது போதாயன சூத்திரத்தைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு. நீங்கள் அந்தக் குடும்பமா என்று தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இல்லை.

பழைய வாய்பாட்டுக் கணக்கில் வரும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இன்றைய வானியல் கணக்கில் வரும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி நேரத்தில் வித்தியாசம் வரும். வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு அதையே பாருங்கள். இரண்டையும் பார்த்தால் நிம்மதி போய்விடும்.

2023 இல் ஆடி மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தது. ஜூலை 17, ஆடி 1ஆம் தேதி ஒன்று. ஆகஸ்ட் 16, ஆடி 31ஆம் தேதி இன்னொன்று. எது ஆடி அமாவாசை என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. பொதுவாக இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா இரண்டு நாளும் படைத்தார். “சோறு போட்டா வேணாம்னா சொல்லப்போறாங்க?” என்றார். அதற்குமேல் சாஸ்திரம் எனக்குத் தெரியாது.

வருஷத்தில் பன்னிரண்டு, சில வருஷம் பதின்மூன்று அமாவாசை வரும். எல்லாவற்றுக்கும் வடை பாயசத்தோடு செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆடி, புரட்டாசி (மகாளய அமாவாசை), தை ஆகிய மூன்றையும் விடாமல் நிறைவாகச் செய்யுங்கள். மற்ற மாதங்களில் சோறு, பருப்பு, ஒரு பொரியல், அப்பளம், வாழைப்பழம் போதும். வேலைக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் இதை முடித்துவிடலாம். ஆடம்பரமாக ஒருமுறை செய்துவிட்டு ஆறு மாதம் விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பெயர்த்தாள்

படையல் வேறு, தர்ப்பணம் வேறு. படையல் சமைத்து இலை போட்டுக் கும்பிடுவது, குடும்பமே சேர்ந்து செய்வது. தர்ப்பணம் எள்ளும் தண்ணீரும் இறைப்பது. தகப்பனார் உயிரோடு இருக்கும் மகன் தர்ப்பணம் செய்யும் வழக்கமில்லை. கணவர் இருக்கும் பெண்கள் எள் இறைப்பதில்லை என்பதும் பொது வழக்கம். ஆனால் பெண்கள் தங்கள் அப்பா அம்மாவை நினைத்துப் படைக்கலாமா என்றால் தாராளமாகப் படைக்கலாம். எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம். அத்தையே ஆரம்பித்து வைத்தது அது. யாராவது இறந்து ஒரு வருஷம் முடியாத வீடு என்றால் கணக்கே வேறு. உங்கள் குடும்பத்துக்கு வழக்கமாக வரும் ஐயரையோ பங்காளிகளில் மூத்தவரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

தர்ப்பணத்துக்கு அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறை ஆண்கள், அவர்களுடைய மனைவிகள், அப்புறம் அம்மா வழியில் அதேபோல் மூன்று தலைமுறை. மொத்தம் பன்னிரண்டு பெயர். மணலில் உட்கார்ந்ததும் ஐயர் வரிசையாகக் கேட்பார். நாலாவது பெயரிலேயே பலர் திருதிருவென்று முழிப்பார்கள். கொள்ளுப்பாட்டி பெயர் யாருக்கும் தெரியாது. அப்போது ‘கங்கா’ என்று சொல்லி ஒப்பேற்றுவதுதான் நடக்கிறது.

இதை ஒரு தடவை உட்கார்ந்து சரி செய்துவிடுங்கள். பழைய வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம் எடுத்துப் பாருங்கள், ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இருக்கும். தாத்தா காலத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் இரண்டு தலைமுறை ஒரே தாளில் வந்துவிடும். மொய் நோட்டில்கூடச் சில பெயர் கிடைக்கும். ஆனால் இவற்றிலெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். பெண்கள் பெயருக்கு வீட்டில் மிச்சமிருக்கும் கிழவிகளைத்தான் கேட்க வேண்டும், அதுவும் சீக்கிரம் கேட்க வேண்டும். புதுச்சேரிக் குடும்பமாக இருந்தால் ஒரு வசதி உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு, கல்யாணப் பதிவுகளில் தகப்பன் பெயரோடு தாய் பெயரும் எழுதியிருப்பார்கள். என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் அம்மா பெயர் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. அதுவரை ‘ஆயாவோட அம்மா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்றோ விஷ்ணு கோத்திரம் என்றோ சொல்வது வழக்கம். பன்னிரண்டு பெயரையும் தெளிவாக எழுதி, ஒரு நகல் பூஜை அலமாரியில், ஒரு போட்டோ செல்போனில்.

முந்தின நாள்

வீடு துடைப்பது, பூஜைப் பாத்திரம் புளி போட்டு விளக்குவது, முன்னோர் படங்களைக் கழற்றித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது, எல்லாம் முந்தின நாளே. சாமிப் படங்களோடு முன்னோர் படங்களைக் கலந்து மாட்டும் வழக்கம் இங்கே இல்லை, தனிச் சுவரில்தான். பிளாஸ்டிக் மாலை மாட்டியிருந்தால் அன்றைக்காவது கழற்றிவிட்டு நாலு முழம் உண்மையான பூ வாங்கிப் போடுங்கள்.

காய்கறியை அமாவாசையன்று காலை வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். லாரன்ஸ் ரோட்டில் அன்று வாழை இலையும் பூவும் விற்கிற விலையே வேறு. முந்தின நாள் காலையே உழவர் சந்தையில் முடித்துவிட்டால் காய் பளிச்சென்று இருக்கும். தலைவாழை இலையை வாங்கியதும் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பிரிட்ஜில் மடித்துத் திணித்தால் மடிப்பில் கிழிந்துவிடும்.

எங்கள் பக்கம் அமாவாசைக்குச் சேரும் காய்: வாழைக்காய், அவரை, புடலை, பாகல், கொத்தவரை, பரங்கி, பூசணி, சேப்பங்கிழங்கு, சேனை, பிரண்டை, மாங்காய். சேராதவை: வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், காலிபிளவர், காரட், பீட்ரூட், பீன்ஸ். முருங்கைக்காயைத் திவசத்துக்கு ஆகாது என்று தள்ளுகிற வீடும் உண்டு, சாம்பாரில் போடுகிற வீடும் உண்டு. நாங்கள் போடுவதில்லை. அதற்கு முக்கிய காரணம் மாமனாருக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்பதுதான்.

பாகல், பிரண்டை, பலா மூன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. வசிஷ்டர் வீட்டுத் திவசத்துக்குச் சாப்பிட வர விசுவாமித்திரர் ஒத்துக்கொண்டாராம், ஆயிரத்தெட்டுக் கறி வேண்டும் என்ற நிபந்தனையோடு. அருந்ததி பாகற்காய் ஒன்று, பிரண்டைத் துவையல் ஒன்று, பலா ஒன்று, இவற்றோடு வேறு எட்டுக் கறி வைத்தாராம். பாகல் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்த அறுநூறு சுலபம். ஆடி அமாவாசைக்குப் பலாப்பழம் ஓய்ந்திருந்தாலும், சீசனில் எடுத்துக் காய வைத்த பலாக்கொட்டை வீட்டில் இருக்கும். நாலு கொட்டையை நசுக்கிச் சாம்பாரில் போட்டுவிடுவேன்.

பிரண்டையைக் கையில் எண்ணெய் தடவாமல் ஆயாதீர்கள், அரித்து எடுத்துவிடும். கணு, நார் நீக்கி, நல்லெண்ணெயில் நன்றாக நிறம் மாற வதக்கி, புளி கொஞ்சம் தாராளமாக வைத்து அரைத்தால் நாக்கு அரிக்காது.

கடற்கரையில்

தர்ப்பணம் செய்கிறவர்கள் கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போவார்கள். ஆடிக்கும் தைக்கும் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். புதுச்சேரிக்காரர்களுக்குத் திருக்காஞ்சி, சங்கராபரணி ஆற்றங்கரையில் கங்கைவராக நதீஸ்வரர் கோயில் படித்துறை. அம்மா வீட்டு ஆண்கள் அங்கேதான் போவார்கள். 2023 இல் அங்கே புஷ்கரணி விழா நடந்தபோது பார்த்த கூட்டத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: கறுப்பு எள், பச்சரிசி, தர்ப்பை (ஐயரிடமே இருக்கும்), வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், ஒரு சொம்பு, மாற்று வேட்டி, பெயர்த்தாள். வாழைக்காயும் காய்கறியும் கொண்டுபோய்த் தானம் கொடுப்பவர்களும் உண்டு. தட்சிணை எவ்வளவு என்று உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, எழுந்த பிறகு பேசினால்தான் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

தெற்கு பார்த்து உட்கார்ந்து, உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வழியும்படி கையைச் சாய்க்க வேண்டும். விரல் நுனி வழியாக விட்டால் அது தேவர்களுக்கு. பெயரை முணுமுணுக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முடித்துவிட்டுக் கடலில் தலை முழுகப் போகிறவர்கள் முழங்கால் அளவோடு நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் அலை திரும்பும்போது காலடி மணலை வாரிக்கொண்டு போகும். பழைய வேட்டியைக் கடலில் விட்டுவிட்டு வருகிற பழக்கத்தையும் விடலாம். அடுத்த அலையில் அது அடுத்தவர் காலைச் சுற்றுகிறது.

திரும்பும் வழியில் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் பசுவுக்குக் கொடுப்பது வழக்கம். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் அங்கே பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். கட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாரை அவிழ்த்துவிட்டுக் கொடுங்கள்.

சமையல்: மணிக்கணக்கு

இதில்தான் நான் அடிபட்டுக் கற்றேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தை அமாவாசை. ஒன்பது காய், இரண்டு வடை, இரண்டு பாயசம் என்று இழுத்துவிட்டுக்கொண்டேன். மணி ஒன்றரை ஆகியும் இலை போடவில்லை. அத்தைக்குச் சர்க்கரை. காக்காய்க்கு வைக்காமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது என்று உட்கார்ந்திருந்தவர், கூடத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார். வெல்லத்தைக் கரைத்து வாயில் ஊற்றி, ஆட்டோ பிடித்து ஓடி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். படையல் அன்று நடக்கவே இல்லை. அத்தை கட்டிலில் படுத்தபடி, “அவரு இருந்தா என்னைத்தான் திட்டியிருப்பாரு” என்றார்.

அன்றிலிருந்து இரண்டு விதி. பன்னிரண்டு மணிக்குள் இலை. மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் காலையில் இட்லியோ பழமோ சாப்பிட்டே தீர வேண்டும். விரதம் இருக்க முடிந்தவர் ஒருவர் இருந்தால் போதும்.

பன்னிரண்டு மணிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ராகுகாலம், எமகண்டம் பார்க்கிற வீடுகளுக்குப் புதன்கிழமை 12 முதல் 1.30 ராகுகாலம், ஞாயிற்றுக்கிழமை அதே நேரம் எமகண்டம். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 ராகுகாலம், திங்கட்கிழமை அந்நேரம் எமகண்டம். ஆக புதனும் ஞாயிறும் 12க்கு முன்பே, வெள்ளியும் திங்களும் 12 அடித்ததும் என்று வைத்துக்கொண்டால் எல்லா நாளும் சாப்பாட்டு நேரம் தப்பாது.

நாலு பேர் வீட்டுக்கு, மூன்று பெரிய அமாவாசைக்கு நான் செய்யும் அளவு இது:

காலை 7.30க்குக் கடலைப்பருப்பு 200 கிராம் ஊறப் போடுகிறேன். 8 மணிக்குக் காய் நறுக்கல். வாழைக்காயை நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. 9 மணிக்குத் துவரம்பருப்பு 150 கிராம் குக்கரில். அது வேகும்போது இன்னொரு அடுப்பில் பாயசத்துக்குப் பாசிப்பருப்பு 100 கிராம் வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, குழைய வேக வைத்து, 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, கடைசியாக ஒரு மூடித் தேங்காயின் பால். பாலை ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துவிடும், லேசாக நுரை கட்டியதும் இறக்க வேண்டியதுதான்.

சாம்பாரில் பரங்கிக்காயும் பலாக்கொட்டையும். தை மாதமென்றால் பச்சை மொச்சை. வெங்காயம் இல்லாத குறை தெரியாமல் இருக்க, தனியாவும் கடலைப்பருப்பும் மிளகாயும் தேங்காயும் வறுத்து அரைத்துவிடுகிறேன். ரசத்தில் பூண்டுக்குப் பதில் மிளகு சீரகத்தைக் கொஞ்சம் கூட்டி, பெருங்காயம். வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, பிரண்டைத் துவையல்.

வடை கடைசியில். ஊறிய பருப்பில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிளகாய் வற்றல் நாலு, இஞ்சி ஒரு துண்டு, உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, எடுத்து வைத்த பருப்பையும் கறிவேப்பிலையையும் கலந்து தட்டினால் பதினாலு, பதினைந்து வடை வரும். வெங்காயம் இல்லாத வடை இன்னும் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும்.

சோறு 11.15க்கு மேல். அப்பளம் இலை போடும் சமயத்தில்.

ருசி பார்க்காமல் உப்புப் போடுவதுதான் புதிதாகச் சமைப்பவர்களுக்குப் பயம். ஒரு லிட்டர் சாம்பாருக்குத் தலை தட்டி ஒன்றரை டீஸ்பூன் பொடியுப்பு. குறைந்தால் படைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். அத்தை குழம்பு கொதிக்கும் ஆவியை முகர்ந்தே உப்பைச் சொல்லிவிடுவார். நான் டீஸ்பூனை நம்புகிறேன்.

மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது என்று பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அன்று வீட்டுக்காரர் சமைப்பார். அவருக்குத் தெரிந்தது சோறு, சாம்பார், அப்பளம். படைப்பது அவருடைய அப்பாவுக்குத்தானே. வருஷத்தில் இரண்டு மூன்று முறை அப்படி நடந்திருக்கிறது, யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இலை

படத்துக்கு முன் இடத்தை மெழுகி, சின்னக் கோலம் போட்டு, ஒரு மனை வைத்து அதன்மேல் தலைவாழை இலை. நுனி எந்தப் பக்கம் என்பதில் பெரிய சண்டையே நடக்கும். சாப்பிடுகிறவருக்கு நுனி இடது கைப்பக்கம் வர வேண்டும் என்பதுதான் பொதுவான முறை. இங்கே சாப்பிடுகிறவர் படத்தில் இருப்பவர். அதனால் அவருக்கு இடதுபக்கமாக, நமக்கு வலதுபக்கமாக வைக்கிறோம். நாத்தனார் வீட்டில் நேர் எதிர்.

முதலில் உப்பு, இனிப்பு. பிறகு காய்கள், வடை, அப்பளம், நடுவில் சோறு, அதன்மேல் பருப்பும் நெய்யும். குழம்பு, ரசம், மோர் கிண்ணங்களில் பக்கத்தில். ஒரு சொம்புத் தண்ணீர். வெற்றிலை, பாக்கு, பழம், உடைத்த தேங்காய்.

அப்புறம் அவர்களுக்குப் பிடித்தது. அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் இதுதான் முதல் பாடம். பாயசத்தை மறந்தாலும் இதை மறக்காதே என்பார். மாமனாருக்குக் கண்ணாடி டம்ளரில் டீயும் இரண்டு பொறையும். கண்ணாடி டம்ளர்தான், எவர்சில்வரில் டீ குடிக்கமாட்டார். என் அப்பாவுக்குக் கொஞ்சம் மிக்சர். போன வருஷத்திலிருந்து அத்தைக்கு வெற்றிலையில் சுண்ணாம்பு தனியாக, தூக்கலாக. பொங்கலை ஒட்டி நடக்கிற படையலில் கறியும் மீனும் வைக்கிற வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அமாவாசைக்குச் சைவம் மட்டும்.

காமாட்சி விளக்கை ஏற்றி, சாம்பிராணி போட்டு, கற்பூரம் காட்டி, கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து இலையைச் சுற்றி மூன்று முறை விட்டு, எல்லாரும் விழுந்து கும்பிட வேண்டும். மந்திரம் தெரியாவிட்டால் பெயர்த்தாளைப் படியுங்கள். எங்கள் பையன்தான் வாசிப்பான். சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல வாசித்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி எங்களைப் பார்ப்பான்.

கும்பிட்டு முடித்ததும் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். ஐந்து நிமிஷம். அவர்கள் சாப்பிடட்டும் என்று. யாரும் பேசமாட்டார்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்தியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், விளக்கு அணைந்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் மனசு கலங்கிப்போவார்கள்.

காக்காய்

இலையிலிருந்து எல்லாப் பதார்த்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, இலைத் துண்டில் வைத்து மொட்டைமாடிக்கோ மதில்மேலோ. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் மாடிச் சாவியை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசையன்று அந்தச் சாவிக்குத்தான் கிராக்கி.

காக்காய் வரவில்லை என்று கண் கலங்கிப் போன் செய்தவர்கள் உண்டு. அன்று ஊரெல்லாம் சோறு வைக்கிறது, பன்னிரண்டரைக்கெல்லாம் காக்காய்க்கு வயிறு நிறைந்துவிடும். சீக்கிரம் வைப்பது ஒரு வழி. வடையை மேலே தெரியும்படி வைப்பது இன்னொரு வழி. மற்ற நாட்களிலும் காலையில் ஒரு பிடி வைத்துப் பழக்கினால் அமாவாசையன்று கூப்பிடவே வேண்டியதில்லை, அதுவே வந்து மதிலில் உட்கார்ந்து கத்தும். பத்து நிமிஷம் பாருங்கள். அணிலோ மைனாவோ எடுத்தாலும் சரி என்று நான் வந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். பிளாஸ்டிக் தட்டில் வைக்காதீர்கள், தட்டோடு இழுத்துக் கீழே தள்ளிவிடும். பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர்.

இலை எடுத்த பிறகு

படைத்த இலையில் வீட்டு மூத்த மகன் சாப்பிடுவார், இல்லாவிட்டால் எல்லாருக்கும் ஒரு கை பகிர்ந்து கொடுப்பார்கள். டீயையும் பொறையையும் யார் எடுப்பது என்று பேரப்பிள்ளைகளுக்குள் போட்டி. இரவு விரதக்காரர்களுக்குச் சோறு கிடையாது, இட்லியோ உப்புமாவோ.

சாயங்காலம் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைக்கிற கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் ஒரு துடைப்பத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். உடைத்த துண்டை ஓரமாகத் தள்ளுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இரவு அதில் வழுக்குவது வண்டியில் போகிற எவர் வீட்டுப் பிள்ளையோ.

ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிறவர்கள் விழுப்புரம், செஞ்சி வழியாகப் போக வேண்டும். அமாவாசைதோறும் சிறப்புப் பஸ் விடுகிறார்கள். உற்சவம் நடுராத்திரியில்தான், காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர்கள் அன்றே கிளம்பாமல் வேறு மாதத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மிச்சமான சாப்பாட்டை மறுநாளுக்கு வைப்பதில்லை. வடையைப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கும், தெருவில் இஸ்திரி போடுகிறவருக்கும் அனுப்பிவிடுவேன். டீச்சரம்மா தேவாலயம் போகிறவர். படைத்தது என்று தெரிந்தும் வாங்கிக்கொள்வார், கிறிஸ்துமஸுக்குப் பாத்திரத்தைக் கேக்கோடு திருப்பித் தருவார். போன தை அமாவாசைக்கு அவர் வீட்டுக்குப் போன டப்பா ஒன்று இன்னும் வரவில்லை.

பாத்திரம் கழுவி முடித்ததும் பெயர்த்தாளுக்குப் பின்னால் பென்சிலால் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். என்ன காய், எத்தனை மணிக்கு இலை, எது பற்றவில்லை. கடைசியாக எழுதியது: ‘11.50. வடை பதினாலு, பற்றவில்லை. அத்தைக்குச் சுண்ணாம்பு காய்ந்திருந்தது, அடுத்த தடவை புதிது.’